எழுபது மைலில் ஆடும் கை

என் அண்ணி ஆர்டித் யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை. அமெரிக்காவில் எங்கள் வடக்கு டக்கோடா மாநிலத்தில் பொதுவாகவே அப்படித்தான். கால் ஒடிந்து கிடந்தாலும் 'பரவாயில்லை' என்பார்கள். அண்ணி அதிலும் ஒரு படி மேல். அதனால் மே மாதத்தில் ஒரு நாள் அவள் போன் செய்து, "கோனி, வியாழக்கிழமை மைனாட் வரைக்கும் என் காரை நீ ஓட்டிட்டு வர்றியா?" என்று கேட்டபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

அந்தச் சாலையில் ஓட்டுவதுதான் அவள் வேலையே. சின்ன ஊர் கிளினிக்குகளில் எடுத்த ரத்தத்தையும் சிறுநீரையும் பெட்டியில் வாங்கிக்கொண்டு மைனாட் நகரத்தில் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். குளிர்காலத்தில் இருட்டில் கிளம்பி இருட்டில்தான் திரும்புவாள். என் அண்ணன் வெர்னன் வைக்கோல் ஏற்றும்போது விழுந்து முதுகை ஒடித்துக்கொண்ட பிறகு வீட்டுக்கு வரும் சம்பளம் அது ஒன்றுதான். அண்ணனின் மருந்துக்கான காப்பீடும் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது.

வியாழக்கிழமை பிளாஸ்கில் காப்பியோடு பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வீட்டுக்கு வெளியே சரளைச் சாலையைத் தாண்டிய பிறகுதான் சொன்னாள்.

"கை ஆடுது, கோனி."

"எப்போலேர்ந்து?"

"குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து. முதல்ல டயர்னு நினைச்சேன்."

எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ராத்திரி முழுக்க உறைபனியில் நின்ற காரின் டயர், தரையில் அழுந்திய பக்கம் தட்டையாகவே இறுகிவிடும். காலையில் கொஞ்ச தூரம் தடதடவென்று ஓடிப் பிறகு சூடாகி உருண்டைக்கு வந்துவிடும். அண்ணிக்கு அந்த ஆட்டம் நிற்கவில்லை. பனி உருகியும் நிற்கவில்லை.

"ஸ்டியரிங்கைப் பிடிச்சா லேசா நடுங்குது. வீட்டுக்கு வந்தப்புறமும் விரல்ல அப்படியே நிக்குது. போன வாரம் கப்பைப் போட்டு உடைச்சேன்."

அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியதே இல்லை. அவளுடைய அப்பா நடுக்க நோயில் போனவர். கடைசிக் காலத்தில் அவருக்கு சூப்பை ஸ்பூனால் ஊட்டியவள் இவள்தான்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறார்? படுத்துக்கிட்டே கவலைப்படுவார். அங்க நரம்பு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். அவர் ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டா வேலை இன்னியோட சரி."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாளே, பக்கத்துப் பண்ணையில் நாத்தனார் என்று நான் எதற்கு இருக்கிறேன்? நன்றாகத் திட்ட வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் நெடுஞ்சாலை வந்துவிட்டது, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். ஐம்பது மைல் வேகத்தில் ஒன்றுமில்லை. அறுபதிலும் இல்லை. எழுபதைத் தொட்டதும் என் உள்ளங்கையில் ஏதோ குறுகுறுத்தது.

"அண்ணி."

"என்ன?"

"என் கையும் ஆடுது."

"விளையாடாதே."

"ஸ்டியரிங்கைத் தொட்டுப் பாருங்க."

ஒரு விரலை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள்.

நேரான சாலை, முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. காலை எடுத்துவிட்டு கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். என்ஜின் சத்தம் அடங்கியது, நடுக்கம் அடங்கவில்லை. அப்படியென்றால் கோளாறு என்ஜினிலோ கியர்பெட்டியிலோ இல்லை, சக்கரத்தில். சீட் ஆடாமல் ஸ்டியரிங் மட்டும் ஆடினால் முன்சக்கரம். இதற்குப் பெரிய மூளை எதுவும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் பாட்டிமார்கள்கூடச் சொல்வார்கள். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன்.

இடது முன்சக்கரத்தின் ரிம்முக்கு உள்பக்கம் ஒரு கைப்பிடி களிமண், செங்கல் மாதிரி இறுகி ஒட்டியிருந்தது. போன இலையுதிர்கால மழையில் அவர்கள் வீட்டு வாசலில் ஒட்டிய சேறு. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் பெயர்ந்து விழுந்தது. மற்ற சக்கரங்கள் சுத்தமாகத்தான் இருந்தன.

"உங்களுக்கு நோயுமில்ல நொடியுமில்ல, அண்ணி. எல்லாம் உங்க வாசல் சேறு. நாள் முழுக்க இந்த ஆட்டத்தைப் பிடிச்சிருந்தா வீட்டுக்கு வந்தும் விரல் நடுங்கத்தான் செய்யும். யாராவது ஒரு நாள் இந்தக் காரை ஓட்டியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

"யார் ஓட்டுவா?" என்றாள்.

அவளையே ஓட்டச் சொன்னேன். எழுபதைத் தாண்டினாள். ஸ்டியரிங் ஆடாமல் அசையாமல் நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். சிரிப்பாள் என்று நான் காத்திருக்க, கண்ணீர் கன்னத்தில் இறங்கி மோவாயில் நின்றது.

"எதுக்கு அழறீங்க? அதான் நல்லபடியா முடிஞ்சுதே."

"முடியலையே, கோனி. நாளைக்கும் நாலு மணிக்கு எழுந்திருக்கணும்."

கொஞ்ச தூரம் போனதும் அவளே பேசினாள்.

"பயமாத்தான் இருந்துச்சு. அப்பா மாதிரி ஆயிடுவேனோன்னு தூக்கமே இல்ல. காப்பீடு போயிட்டா அவருக்கு என்ன பண்றதுன்னும் நினைச்சேன். ஆனா டாக்டர் வேணாம்னு சொல்லிட்டா, நானா விடல, அவங்கதான் நிறுத்தினாங்கன்னு ஆயிடும்ல? யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. விடிஞ்சப்புறமும் படுத்திருக்கலாம்னு நினைச்சேன். சொல்லு, தனக்கு நோய் வரணும்னு எவளாவது ஆசைப்படுவாளா?"

எத்தனை களைப்பு இருந்தால் ஒரு மனுஷிக்கு அப்படித் தோன்றும் என்று நினைத்துக்கொண்டே பிளாஸ்கைத் திறந்து அவளுக்குக் காப்பி ஊற்றினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல லாரிக்கு வழிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மைனாட் நெருங்கும்போது, "அந்த டாக்டர்கிட்ட போகலாமா?" என்று கேட்டாள்.

"இனிமே எதுக்கு?"

"லீவு போட்டாச்சு, நேரமும் வாங்கியாச்சு. கூப்பிடுற வரைக்கும் அங்க சும்மா உக்காந்திருக்கலாம்ல."

போனோம். காத்திருக்கும் அறையில் மெத்தை வைத்த நாற்காலி, மெல்லிய பாட்டு. உட்கார்ந்த சற்று நேரத்தில் தலை சாய்ந்து தூங்கிவிட்டாள். மடியில் கிடந்த இரண்டு கையும் அசையவே இல்லை.

நர்ஸ் வந்து, "ஆர்டித் வெட்டர்?" என்று கூப்பிட்டாள். உதட்டில் விரலை வைத்து, அடுத்தவரைக் கூப்பிடும்படி சைகை காட்டினேன்.