டைகரிடம் சொன்ன வானிலை

என் மேசை இழுப்பறையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறது. இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம், ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் பிற்பகல், சுபாங் விமான நிலையத்தில் வானம் எப்படி இருந்தது என்பது அதில் ஒரே வரியில் அச்சாகியிருக்கிறது. எழுத்தும் எண்ணும் கலந்து கிடக்கும் அந்த வரியில் 0830 என்ற எண்ணுக்கு அடியில் மட்டும் இரண்டு கோடுகள். ஒன்று பென்சில் கோடு. இருக்கிறதா இல்லையா என்று தேடத்தான் வேண்டும். அது நான் போட்டது. மற்றொன்று நீல மைக் கோடு, தாளைக் கிழித்துவிடும் அளவுக்கு அழுத்தமானது. அது கேப்டன் போட்டது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் கழிந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் என் வேலை போயிருக்க வேண்டியது.

இந்த மாதிரி அறிக்கையைப் படிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் ஊரின் பெயர் நான்கு எழுத்தில் வரும். பிறகு நேரம், காற்றின் திசையும் வேகமும், எத்தனை மீட்டர் வரை கண்ணுக்குத் தெரியும், மேகம் எத்தனை அடி உயரத்தில் என்று வரிசையாக வரும். கடைசியில், அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் என்ன மாறும் என்று ஒரு குறிப்பு. டெம்போ என்றால் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். எஃப்.எம். என்றால் இத்தனை மணியிலிருந்து. டி.எஸ்.ஆர்.ஏ. என்றால் இடியோடு மழை. உலகம் முழுக்க ஒரே கடிகாரத்தை வைத்துத்தான் இதை எழுதுவார்கள். நம் ஊர் நேரம் வேண்டுமென்றால் எட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. படித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுதான் எனக்கு வராது. அது ஏன் வராது என்பதற்குப் பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

நாங்கள் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தில் குடியிருந்தோம். கிராணியார் வீடு மேட்டில், செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம். தோட்டத்துக் கணக்கு, ஆள் பேர் எல்லாம் கிராணியார் கையில்தான். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்க, அவர் பேர் கூப்பிடுவார். காலடியில் அவருடைய செவலை நாய் டைகர் படுத்திருக்கும். முதல் நாள் இரவு மழை பெய்திருந்தால் பால் மரத்தின் பட்டை காய்ந்திருக்காது. ஈரமரத்தை வெட்டினால் பால், மரத்தில் கட்டிய மங்கில் விழாமல் பட்டை முழுக்க வழிந்து வீணாகும். இது பெரட்டில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் கிராணியாரைப் பார்த்து, இன்றைக்கு வெட்ட முடியாது என்று எந்த வாயும் திறக்காது. என் அம்மா டைகரைப் பார்த்துத்தான் பேசுவார்.

"ஏ டைகரு, ராவெல்லாம் கொட்டித் தீத்துச்சே, மரம் காஞ்சிருக்குமாடா? இப்ப போயி வெட்டுனா பாலு மங்குல விழுமா, வேருல விழுமா?"

டைகர் வாலை ஆட்டும். கிராணியார் காதில் எதுவும் விழாதவர் போல வானத்தை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு ஆட்களை வேலை வாங்கும் மண்டோரிடம், ஒரு மணி நேரம் கழித்துப் போகட்டும் என்பார். யாருக்கும் மரியாதை குறையவில்லை, காரியமும் ஆகிவிட்டது. சில நாள் காரியம் ஆகாது. அன்றைக்கு எல்லாரும் ஈரமரத்தை வெட்டிவிட்டு வெறும் வாளியோடு வருவார்கள். அப்போதும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பக்கத்து நகரமான சிரம்பானில் தங்கி இங்கிலீஷ் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த கிராணியாரின் மகன், விடுமுறையில் வந்தால் அப்பாவின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவரும் டைகரிடம் சொல்லப்பட்ட சேதிகளை எல்லாம் கேட்டபடிதான் வளர்ந்தார்.

அவர்தான் பின்னாளில் என் கேப்டன். நான் படித்து, உபகாரச் சம்பளம் கிடைத்து, விமானம் ஓட்டப் பழகி, ஐம்பது பேர் ஏறும் உள்ளூர் விமானத்தில் துணை விமானியாகச் சேர்ந்தபோது, அவர் அங்கே பத்து வருடப் பழக்கமுள்ளவராக இருந்தார். முதல் நாளே, "பெடாஸா? நம்ம தோட்டமா? யாரு மகன் நீ?" என்று கேட்டுவிட்டு, அம்மா பெயரைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து நான் அவருக்குத் தம்பி. அண்ணன் என்று திருப்பிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கேப்டன் என்றே சொன்னேன். அந்தச் சொல் வசதியாக இருந்தது, அதற்குள் கிராணியார் மகனும் அடங்கிக்கொண்டார்.

விமானத்தில் எல்லாமே வாய்விட்டுச் சொல்லிச் செய்வதுதான். ஒருவர் பட்டியலைப் படிப்பார், மற்றவர் கைவைத்துப் பார்த்துப் பதில் சொல்வார். ஒருவர் செய்வதை இன்னொருவர் கவனித்து, தவறென்றால் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். அச்சடித்த பட்டியலை நான் கணீரென்று படிப்பேன். அதில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டி வந்தால் அந்தப் பட்டியலையே இன்னொரு முறை புரட்டுவேன். என் ஆறு மாதப் பயிற்சிக் காலத்தில் இரண்டு கேப்டன்கள் அடுத்தடுத்து மதிப்பீட்டுப் படிவத்தில் இதையே எழுதியிருந்தார்கள்: அறிவு இருக்கிறது, வாய் திறப்பதில்லை. மூன்றாவதாக ஒருவரும் அப்படி எழுதினால் வேலை கிடையாது என்று பயிற்சி அதிகாரி என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அம்மா அப்போதும் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது படிவத்தை நிரப்ப வந்தவர் நம் கேப்டன். எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது, அதைவிட அதிகம் பயமாகவும் இருந்தது.

அன்று காலையிலேயே அவர், "எது தப்பாத் தெரிஞ்சாலும் சொல்லிடு தம்பி, யோசிக்காத," என்றார். சரி என்றேன். பிற்பகல் நான்கு மணி தாண்டி ஜொகூர் பாருவிலிருந்து சுபாங்குக்குக் கிளம்ப வேண்டும். அது அன்றைக்கு ஐந்தாவது பயணம், இருவருக்கும் கண் எரிந்தது. 0830-இலிருந்து இடியோடு மழை என்றிருந்த வானிலைச் சீட்டை நான் வாங்கிவந்து கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்து, எட்டரையோடு எட்டைக் கூட்டி, "பதினாறரை. ஆறரைக்கு மேலதான் இடிமழை. நாம அஞ்சு பத்துக்கு இறங்கிடுவோம். எண்ணெய் வழக்கம் போல ஊத்துனா போதும்," என்றார்.

பதினாறரை என்றால் மாலை நாலரை. பதினாறில் இருக்கிற ஆறு அவர் களைத்த கண்ணில் ஒட்டிக்கொண்டது. யாருக்கும் நேரக்கூடிய சறுக்கல்தான். இதற்காகத்தான் இரண்டு பேரை உட்கார வைக்கிறார்கள். நாங்கள் நேராக மழைக்கு நடுவில் போய் நிற்கப்போகிறோம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் செய்தது என்ன தெரியுமா? பென்சிலை எடுத்து 0830-இன் கீழே ஒரு கோடு போட்டு, அவர் கண்ணில் படுகிற மாதிரி சீட்டை வைத்தேன். பிறகு கதவருகே வந்த பணிப்பெண்ணிடம், "சுபாங்ல இன்னைக்குக் குடை தேவைப்படும் போல இருக்கு லா," என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். கேப்டன் வேறு வேலையில் இருந்தார். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டதாக என்னை நானே ஏமாற்றிக்கொண்டு, பட்டியலைக் கணீரென்று படிக்க ஆரம்பித்தேன்.

வழியிலுள்ள தம்பின் ஊரைத் தாண்டும்போதே முன்னால் வானம் கறுத்துக் கிடந்தது. வழக்கமாக அந்த இடத்தில் வலது சன்னல் வழியாக எங்கள் தோட்டத்துப் புகைக்கூண்டைத் தேடுவேன். அன்று தேடவில்லை. சுபாங்கில் மழை கொட்டுகிறது, யாரும் இறங்க முடியவில்லை, காத்திருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வட்டமடிக்கத் தொடங்கினோம். திரும்பி ஜொகூர் பாருவுக்குப் போகத் தேவையான எண்ணெயைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், சுற்றுவதற்குக் கால் மணி நேரம்தான் மிச்சம். ஒரு சுற்று முடிந்தது. "இன்னொரு ரவுண்டு பாப்போம், விட்டுடும்," என்றார் கேப்டன். அதுவும் முடிந்தது. பின்னால் நாற்பத்திரண்டு பேர், அவர்களுக்கு அந்தப் பக்கம் வந்து காத்திருக்கும் சொந்தபந்தங்கள். திரும்பிப் போக எந்தக் கேப்டனுக்குத்தான் மனம் வரும்? மூன்றாவது சுற்றுக்கு அவர் கை நகர்ந்தது. நான் எண்ணெய் அளவு காட்டும் முள்ளைப் பார்த்து, அதற்கு மட்டும் கேட்கிற குரலில், "நீ பாட்டுக்கு இறங்கிட்டே இருக்க, இந்த மழை எப்ப விடப்போவுதோ," என்றேன்.

கேப்டன் சட்டென்று என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. அவர் வேறு எதையோ அடையாளம் கண்டுகொண்டவர் போல இருந்தார்.

"தம்பி, டைகர்கிட்ட பேசுறத விடு. என்கிட்ட பேசு."

என் அம்மாவின் குரலிலேயே நான் அந்த முள்ளிடம் பேசியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு வாய் தானாகத் திறந்தது. "கேப்டன், நீங்க நேரத்தைத் தப்பாப் படிச்சிட்டீங்க. ஆறரை இல்ல, நாலரை. அந்தச் சீட்டே நாலு மணிக்குப் போட்டது, ஆறு மணி வரைக்கும்தான். ஆறு மணி வரை மழை விடாது. எனக்குக் கீழயே தெரியும், சொல்லல. இதுக்கு மேல சுத்தக்கூடாது. இப்பவே திரும்பணும்."

அவர் சீட்டைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை. "திரும்புறோம். சொல்லிடு," என்றார். நான் கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொன்னேன். விமானம் தெற்கே திரும்பியதும் சன்னலில் வெயில் அடித்தது. ஜொகூர் பாருவில் இறங்கி, பயணிகளை எல்லாம் உட்காரவைத்த பிறகு, அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எட்டும் எட்டும் பதினாறு. பதினாறுன்னா நாலு," என்று பள்ளிப் பிள்ளை மாதிரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே என் பென்சில் கோட்டுக்குக் கீழே நீலக் கோட்டை இழுத்தார்.

காப்பி குடிக்கும்போது நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை அசைத்துத் தடுத்துவிட்டார். "நீங்கல்லாம் நாய்கிட்ட பேசல, அவருகிட்டதான் பேசுறீங்கன்னு அப்பாவுக்கு நல்லாத் தெரியும். ஆனா ஒரு நாளும் யாரையும் பாத்து, என்கிட்ட சொல்லுன்னு அவரு சொன்னதில்ல. எனக்கு அது அப்பவே என்னமோ மாதிரி இருக்கும்," என்றார். பிறகு படிவத்தை எடுத்து என் முன்னாலேயே நிரப்பினார். "நான் செய்த தவறை இவர் நேருக்கு நேர் சொன்னார், அதனால் திரும்பினோம். தரையிலேயே சொல்லியிருக்க வேண்டும், இனி சொல்வார்." இவ்வளவுதான் எழுதினார். தம் தவறையும் தனியாக எழுதி மேலிடத்துக்குக் கொடுத்தார். யாரும் கேட்காமலே கொடுத்ததால் இரண்டு வாரம் அவரைப் பறக்க விடாமல் மறுபடி சோதித்தார்கள். அதைப் பற்றி என்னிடம் அவர் பேசியதே இல்லை. என் வேலை நிலைத்தது. சில வருடங்களில் நானும் கேப்டனுக்குரிய இடது பக்க இருக்கைக்கு மாறினேன். கிளம்புமுன் வானிலையை நான் ஒருமுறை, துணை விமானி ஒருமுறை, வாய்விட்டு, நம் ஊர் நேரத்தில் படிப்பது என் விமானத்தில் கட்டாயமானது.

கேப்டன் ஓய்வு பெற்றுச் சிரம்பானில் வீடு கட்டிக்கொண்டார். போன தீபாவளிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தோட்டத்தில் இருந்த காலம் முழுக்க அந்தச் செம்பருத்தி வேலியைத் தாண்டாதவர் அம்மா. கிராணியார் மகன் வீட்டு நாற்காலியில் நுனியில்தான் உட்கார்ந்தார். வாசல் கேட்டருகே ஒரு நாய் படுத்திருந்தது. நான் கொண்டுபோயிருந்த சீட்டைக் கேப்டன் வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அம்மாவுக்கு ஒவ்வொன்றாய்ப் படித்து அர்த்தம் சொன்னார். இது ஊர், இது காற்று, இது இடிமழை. 0830 வந்ததும் தம் தலையில் தாமே குட்டிக்கொண்டார். அம்மா முழுதும் கேட்டுவிட்டு, "இவன் கீழயே சொல்லியிருந்தா?" என்றார்.

"எண்ணெய் கூட ஊத்திக்கிட்டு, சாவகாசமாப் போயிருப்போம்மா."

கேப்டன் சீட்டை மடித்து என்னிடம் கொடுத்தார். அடுத்த தட்டு முறுக்கு வந்தது. அம்மா வாசல் பக்கம் எட்டி வானத்தைப் பார்த்தார். பிறகு கேட்டருகே படுத்திருந்த நாயைப் பார்த்தார். இப்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கேப்டனும் உதட்டோரம் சிரிப்போடு காத்திருந்தார். அம்மா திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தம்பி, மேக்கால கருத்துக்கிட்டு வருது. மழை புடிக்கிறதுக்குள்ள நாங்க கெளம்புறோம்."

"சரிங்கம்மா," என்று கேப்டன் எழுந்து குடையை எடுக்கப் போனார். நான் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை.