பெண்கள் பக்கத்துத் தூண்

2024 ஜூன் 8, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். திராட்சைப் பந்தலுக்குத் தண்ணீர் விட்டேன். ஒன்பதரைக்கு உத்தமபாளையம் போய் மோட்டாருக்கு வாஷர் வாங்கி வந்தேன். பதினொன்றுக்கு, புதிதாக மாட்டிய புரொஜெக்டரைப் பார்க்க, அக்காவுடன் எங்கள் ஊர் மாதா கோயிலுக்குப் போனேன். அன்றைய ஒழுங்கு அதோடு முடிந்தது.

அக்காவுக்குப் பத்து வருடமாகக் காது கேட்காது. பூசையில் வாசகத்தை அவள் திரையில் படிக்கட்டும் என்றுதான் கோயில் கமிட்டியிடம் புரொஜெக்டர் கேட்டேன். நில அளவை என் தொழில். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் இரண்டிலும் தரையில் உட்கார்ந்து பார்த்து அளந்தேன். பீடத்தை ஒட்டி எட்டடித் திரை. ஓரடி அகலப் படத்துக்கு ஒன்றரை அடி தூரம் வேண்டும். எனவே பன்னிரண்டடியில் புரொஜெக்டர். வரைந்தே கொடுத்திருந்தேன்.

மாட்டியிருந்ததோ பதினெட்டடியில். அங்கே பழைய ஃபேன் கொக்கி இருந்ததாம். அந்தத் தூரத்துக்குப் படம் பன்னிரண்டடி விரியும், திரையும் அவ்வளவு. பீடத்தருகே இடம் போதாமல் திரையை ஆண்கள் பக்கத்து மூலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

அக்கா பெண்கள் பக்கத்தில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வரியின் பின்பாதியையும் தூண் மறைத்தது.

“பாதி வாசகந்தேன் தெரியுது. மீதிய மாதா சொல்லிக் குடுப்பாக” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சோதித்துப் பார்த்தீர்களா என்று அங்கே நின்ற கமிட்டித் தலைவரிடம் கேட்டேன்.

“அஞ்சு பேரு உக்காந்து பாத்தோம் மாப்ள. பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு.”

ஐவரும் ஆண்கள். ஐவரும் அவரவர் வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். காலிக் கோயிலில்கூட நடைபாதையைத் தாண்டி அந்தப் பக்கம் உட்கார ஒருவருக்கும் தோன்றவில்லை.

“பொம்பளைக பக்கம் யாரு பாத்தா?”

“அங்கன நாங்க எதுக்கு உக்காரப் போறோம்? ஒன் அக்காளுக்குத் தெரியலைன்னா ஆம்பளைக பக்கம் வந்து உக்காரச் சொல்லு, பாப்போம்.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் டேப்பை எடுத்தேன். ஆண்கள் பக்கத்தை அளந்தேன். எழுத்து எல்லாவற்றிலும் தெளிவாகத் தெரியும் இடம் திரையிலிருந்து பதினாறடி, சுவரோரம். அது தலைவரின் இடம்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னதை அக்காவுக்குத் தாளில் எழுதிக் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

“சொன்னாகல்ல. உக்காந்துருவோம்.”

மறுநாள் முதல் வேலையாக, ஐந்தரைக்கு, பூசை மணி அடிக்குமுன் கோயிலுக்குப் போய் அக்காவின் பாயை அந்தப் பதினாறடி இடத்தில் விரித்தேன்.