கண்டாலா ஏறிய கல்யாண டாக்சி

பம்பாயில் டாக்சி ஓட்டிய எவனைக் கேட்டாலும் என்ஜினைப் பற்றிச் சொல்லுவான், பிரேக்கைப் பற்றிச் சொல்லுவான். நான் தண்ணீரைப் பற்றித்தான் சொல்லுவேன். என் வண்டி ஒருநாளும் நடுரோட்டில் பொங்கி நின்றதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும். நிமிர்ந்துவிட்டுப் போகட்டும்.

அறுபதுகளின் நடுவில், தாராவியில் எங்கள் சந்துக்குள் நுழைந்த முதல் சொந்த டாக்சி என்னுடையது. கறுப்பும் மஞ்சளும் பூசிய பழைய வண்டி. வந்த அன்று சந்தே கூடி நின்று பார்த்தது. ஒருவர் சுற்றி வந்து, முகம் லட்சணமாக இருக்கிறது, குரலைக் கேட்போம் என்றார், பெண் பார்க்க வந்தவர் மாதிரி. ஹாரன் அடித்துக் காட்டினேன்.

பக்கத்துச் சந்தில் ரேடியேட்டர் ஒழுகினால் ஈயம் வைத்து அடைத்துக் கொடுக்கும் பாய் ஒருவர் இருந்தார், தெற்கே எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். அந்தக் காலத்தில் ஒழுகும் ரேடியேட்டரில் டிரைவர்கள் ஒரு பிடி மஞ்சள்தூளைப் போட்டுவிடுவார்கள். ஓட்டை அடைபடும், உண்மைதான். கூடவே தண்ணீர் ஓடும் மெல்லிய குழாய்களும் அடைபடும். அப்படி ஒரு வண்டி வந்தால் பாய் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். கொஞ்சம் புளியும் கரைத்து ஊற்றியிருந்தால் சோறு கொண்டு வந்திருப்பேனே என்பார். சிரிக்காமல் சொல்லுவார். அவர் பேச்சைக் கேட்கவே வேலை இல்லாத நாளிலும் நான் அங்கே போய் நிற்பதுண்டு.

தாராவிக் கிணறுகளில் கழிமுகத்து உப்பு ஏறியிருக்கும். அந்தத் தண்ணீரை ஊற்றினால் வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதுபோல உள்ளே பொருக்குத் தட்டிவிடும். ஆகவே என் வண்டிக்குக் குழாய்த் தண்ணீர்தான். குழாயடி வரிசையில் நின்று அதைப் பிடித்து வந்தவள் என் தங்கச்சி. வீட்டுக் குடங்கள் நிறைந்ததும் ஒன்றைத் தனியாக வண்டிக்கென்று வைப்பாள். பெண்கள் விடுவார்களா?

"ஏளா, ரேஷன் கார்டுல வண்டி பேரையும் சேத்துட்டியளா?" என்பாள் ஒருத்தி.

"அதுவும் சம்பாரிச்சுத்தான குடுக்கு. தாகம் எடுக்காதா?" என்பாள் இவள்.

காலையில் என்ஜின் சில்லென்று இருக்கும்போது மூடியைத் திறந்து பார்த்துத் தண்ணீர் விடுவதும் அவள்தான். முன்பக்கக் கம்பிகளில் ஒட்டியிருக்கும் பூச்சி, தூசி, காகிதத்தையெல்லாம் பழைய தேங்காய்நார்த் துடைப்பத்தால் தட்டிவிடுவாள். அந்தக் கம்பிகளுக்குப் பின்னால்தான் ரேடியேட்டர். வண்டி ஓடும்போது அந்த வழியாகக் காற்று புகுந்து தண்ணீரை ஆற்றும். ஆறிய தண்ணீர் என்ஜினைச் சுற்றிவந்து அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும். விஷயம் இவ்வளவுதான். காற்று வழி அடைத்துக்கொண்டால் எத்தனை குடம் ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

அந்தத் தங்கச்சிக்குப் பூனாவில் மாப்பிள்ளை அமைந்தது. மிலிட்டரி டிப்போவில் வேலை. எங்கள் வழக்கப்படி தாலி கட்டு மாப்பிள்ளை வீட்டில். பெண்ணை முந்தின நாளே கொண்டுபோய் இறக்க வேண்டும். அது வியாழக்கிழமை. ஒன்றரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் பெண் வாசல்படி ஏறியாக வேண்டும். நாள் குறிக்க வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா வெளியே நின்ற என் டாக்சியைப் பார்த்தார்.

"மாப்ளே, இதுலயா கூட்டியாரப் போறிய? கண்டாலா மல ஏத்தத்துல பாதி வண்டி நின்னு ஆவி விட்டுக்கிட்டு கெடக்கும். பொண்ணு ராகுகாலத்துல வந்து எறங்கணுமா? எனக்குத் தெரிஞ்ச ஜீப் இருக்கு, அனுப்பி வைக்கேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பெண்ணை அழைத்துவர மாப்பிள்ளை வீட்டிலிருந்தே வண்டி வந்தால், சொந்த டாக்சி வைத்திருக்கும் அண்ணன் எதற்கு? அப்பா இல்லாத வீடு வேறு. ஜீப் வேண்டாம் மாமா, உச்சிப்பொழுதுக்குள் வந்து சேர்ந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு திரும்பிப் பார்த்தால் தங்கச்சி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாய் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, ரப்பர் குழாய்களைப் புதிதாக மாற்றி, விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக் கொடுத்தார். கூலி கேட்டதற்கு, கல்யாண வீட்டில் பந்தல் போடுகிறவன் மாதிரி நினைத்துக்கொள், சாப்பாடு மட்டும் போடு என்றார். எனக்கு ஒரு கவலையும் இல்லை, வியாழக்கிழமை விடியும் வரை.

விடிந்தபோது சந்துக்காரர்கள் மாட்டுங்காவிலிருந்து பூ வாங்கி வந்திருந்தார்கள். செவ்வந்தி மாலை, கை பருமன். ஒன்றல்ல, வண்டி முகத்தை முழுசாக மூடுகிற அளவுக்கு. நடுவில் மாவிலைக் கொத்து வேறு. கம்பி ஒன்றுகூடத் தெரியவில்லை. எங்கள் சந்துப் பெண் எங்கள் சந்து வண்டியில் போகிறாள், அதற்கு நாங்கள் செய்கிற மரியாதை என்றார்கள். மாலைக்குக் காசு போட்டவர்களில் குழாயடியில் அவளைக் கேலி செய்தவளும் இருந்தாள்.

அது வண்டியின் மூக்கு, அடைக்கக் கூடாது என்றேன். அத்தை குறுக்கே வந்தாள். அப்பாவின் அக்கா, வீட்டில் அவள் சொல்தான் சொல்.

"ஏல, பொண்ணு எறங்குத வரைக்கும் மால எறங்கப்படாது. வழியில மாலயக் கழட்டுதது நல்லதா?"

சந்து முழுக்கத் தலையாட்டியது. அத்தனை தலைகளுக்கு முன்னால் நான் ரேடியேட்டர் பாடம் நடத்தி ஜெயிக்க முடியுமா? சமவெளியில் தாங்கும், மலை அடிவாரத்தில் பேசிக்கொள்ளலாம் என்று தங்கச்சியையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

தாணா, மும்ப்ரா, பன்வேல் வரை முள் பரவாயில்லாமல் இருந்தது. வண்டியின் சூட்டைக் காட்டுகிற அந்தச் சின்ன முள்ளைத்தான் சொல்கிறேன். கோப்போலியில் மலை எழுந்து நின்றது. நிறுத்தி, அத்தையிடம் இப்போது மாலையை எடுத்துவிடலாமே என்று மெதுவாகக் கேட்டேன். மாப்பிள்ளை வீட்டு வாசலில் எடுக்கலாம் என்று மெதுவாகவே பதில் வந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. ஏறினேன்.

ஏற்றத்தில் வண்டிக்கு இரட்டைச் சங்கடம். என்ஜின் மூச்சுப் பிடித்து உழைக்கும், ஆனால் வண்டி நகர்வது ஆமை மாதிரி, எதிர்காற்று கிடையாது. வைகாசி வெயில் வேறு. ஓரத்தில் கார்கள் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றன. ஒரு பெரிய காரில் யாரோ அவசரப்பட்டு மூடியைத் திருக, கொதிநீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியடித்ததைப் பார்த்து அத்தை முருகனைக் கூப்பிட்டாள். என் முள் பாதியைத் தாண்டி, முக்காலைத் தாண்டி, சிவப்பை எட்டிப் பார்த்தது. பூ வாடி வேகிற வாசனை உள்ளே வந்தது. இன்னும் இரண்டு வளைவு போனால் பொங்கிவிடும், எனக்குத் தெரியும். ஓரம் கட்டினேன்.

என்ஜினை நிறுத்தவில்லை. இறங்கி பானட்டைத் தூக்கினேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, நவரிக்கு, அதாவது கல்யாணப் பெண்ணுக்கு, மாலை போடுவார்கள், இங்கே என்ஜினைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறீர்களே என்று மராட்டியில் சொல்லிவிட்டுப் போனான். வேறு நாளாக இருந்தால் ரசித்திருப்பேன்.

அத்தையிடம் போனேன். மாலை இருந்தால் வண்டி ஏறாது, பெண் ராகுகாலத்தில்தான் போய் நிற்பாள் என்றேன். மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு மொட்டை வண்டியில் போய் இறங்கினால் மட்டும் என்ன சொல்லுவார்கள் என்றாள் அவள். அவள் கண்ணில் தண்ணீர். பிடிவாதம் இல்லை அது, பயம் என்று அப்போதுதான் புரிந்தது. தம்பி இல்லாத இடத்தில் அவன் மகளைக் கரையேற்றுகிறவளின் பயம்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்கதவு திறந்தது. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தங்கச்சி இறங்கினாள். நேரே வண்டியின் முகத்துக்குப் போனாள். முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

"ஏளா, என்ன செய்யுத?"

"கழட்டல அத்தே. எடம் மாத்துதேன்."

மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனாள். டிக்கியின் மேலே குறுக்கே போட்டு, கைப்பிடியிலும் பம்பரிலும் இழுத்துக் கட்டினாள். மாவிலைக் கொத்தை நம்பர் பிளேட்டுக்கு மேலே செருகினாள். திரும்பி வந்து, வழக்கமாக வீட்டு வாசலில் செய்வதுபோல, கம்பிகளில் சிக்கியிருந்த பூவிதழ்களை வளையல் கையால் தட்டிவிட்டாள். அத்தை பின்பக்கம் போய் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். மாலை வண்டியில்தான் இருந்தது. யாரும் கழற்றவில்லை.

என்ஜின் மெல்ல ஓடிக்கொண்டே இருந்தது. விசிறி இழுத்த காற்று இப்போது தடையில்லாமல் உள்ளே போனது. முள் மயிரிழை மயிரிழையாக இறங்குவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பாதிக்கு வந்ததும் ஏறினோம். சிவப்புப் பக்கம் அது மறுபடி போகவில்லை.

மலை உச்சியில் கண்டாலாவில் நிறுத்தினேன். அங்கேயும் உடனே என்ஜினை அணைக்கவில்லை. மலை ஏறி நின்ற வண்டியைச் சட்டென்று அணைத்தால் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், இரும்பில் இருக்கிற சூடு நின்ற தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். "நின்ன பொறவும் எதுக்குல உறுமுது?" என்று அத்தை கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி முந்திக்கொண்டு, ஓடி வந்தவன் பொத்தென்று உட்காராமல் கொஞ்சம் நடந்து ஆறுவதில்லையா, அப்படி என்று சொல்லிவிட்டாள். இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது. அப்புறம் பல டிரைவர்களுக்கு அதை என் சொந்தச் சரக்கு மாதிரிச் சொல்லியிருக்கிறேன்.

பூனாவில் அந்தத் தெருவுக்குள் திரும்பும்போது உச்சி வெயில். ராகுகாலம் பிறக்க நிறைய நேரம் இருந்தது. மேளக்காரர்கள் இன்னும் சட்டைகூடப் போடாமல் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து தவிலைத் தேடி ஓடினார்கள். ஆரத்தி எடுத்துப் பெண்ணை உள்ளே கூட்டிப்போனார்கள். நான் என்ஜினை ஓடவிட்டபடி ஸ்டியரிங்கின் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன், முள் முழுசாக இறங்கட்டும் என்று.

சித்தப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்னால் ஒரு பூ இல்லை. பின்னால் டிக்கி தெரியாமல் செவ்வந்தி.

"என்ன மாப்ளே, மல ஏத்தம் முழுக்க ரிவர்ஸ்லயா ஏறி வந்திய?"

நான் பதில் யோசிப்பதற்குள் அத்தை வந்துவிட்டாள். பெட்டியைத் தலையில் வைத்திருந்தவள் அதை இறக்காமலே சொன்னாள்.

"எங்க வீட்டு வண்டிக்குப் பின்னாலதான் மால போடுவோம். முன்னால காத்து போவணும்லா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் முள்ளைப் பார்த்தேன். அது இறங்கியிருந்தது. சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிட்டு, பெண்ணின் அண்ணனாக இறங்கிப் பந்தலுக்குள் போனேன்.