பன்னிரண்டு நாள்

செபஸ்தியான் வீடு கட்டிய மனைப்பிரிவில் தெருக்களுக்கெல்லாம் பெயர் இருந்தது, வீடுகள்தான் இல்லை. மூன்றாவது குறுக்குத் தெருவில் அவனுடைய வீடு மட்டும். இரண்டு பக்கமும் வெள்ளையடித்த மனைக் கற்கள். அதற்கப்பால் தையல்நாயகி வேர்க்கடலை போடும் மல்லாட்டைக் கொல்லை. திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் சாலையில் பத்துக் கிலோமீட்டர் வந்து, மண்பாதையில் திரும்ப வேண்டும்.

அதற்கு முன் ஆறு வருடம் மறைமலைநகரில் ஒரே அறையில் இருந்தார்கள், அவனும் மனைவி பவுலினும் மகள் ஜெனித்தும். அவன் வேலை பார்த்த கம்பெனி கூப்பிடு தூரம். மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடுசோறு சாப்பிட்டுவிட்டுப் போவான். வீட்டுக்காரர் வருடா வருடம் வாடகையை ஏற்றினார், தண்ணீருக்கு நேரம் வைத்தார். மாடிப்படியில் உட்கார்ந்து படித்ததற்காக ஒருநாள் ஜெனித்தைச் சத்தம் போட்டார். அன்று செபஸ்தியான் மனை விஷயத்தை எடுத்தான்.

"டிரெயின்ல ரெண்டு மணி நேரந்தான். ஊருல பாதிப் பேரு அப்படித்தான் வர்றான்."

"போவ ரெண்டு. திரும்பி வர்றதுக்கு யாருனா தூக்கிக்கினு வருவாங்களா?" என்றாள் பவுலின்.

"வாடகையே இல்லாம இருக்கலாம். ஜெனிக்குத் தனி ரூமு."

"அப்ப வூடு எங்களுக்கு, நீங்க ரயிலுக்குன்னு பத்திரத்துல எழுதிடுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பத்திரம் அவள் பெயரில் பதிவானது.

அவன் இருட்டில் கிளம்பி இருட்டிய பிறகு வந்தான். வண்டியைத் திண்டிவனம் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டுப் பாசஞ்சரில் ஏறுவான். செங்கல்பட்டில் இறங்கி எலக்ட்ரிக் டிரெயின். விழுப்புரத்தில் ஏறும் ராஜ்குமார் இடம் போட்டு வைத்திருப்பான். எதிரெதிரே உட்கார்ந்து மூன்று வருடம் போய் வந்ததில் ராஜ்குமாரின் உடம்பே அவனுக்கு மனப்பாடம். சர்க்கரை ஏறிய நாளில் உதடு காய்ந்திருக்கும். இடது கண்ணில் புரை விழத் தொடங்கியதை முதலில் சொன்னதே செபஸ்தியான்தான்.

"என் பொண்டாட்டி கூட பாக்கல. நீ எப்படிய்யா பாத்த?" என்று கேட்டான் ராஜ்குமார்.

"ஜன்னல் பக்கம் ஒக்காந்துக்கினு கீற. வெளிச்சம் நேரா அடிக்குது. தெரியாதா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

இந்த வருடம் பண்டிகைச் சரக்கு கட்டுவதற்காகக் கம்பெனியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். சர்ச்சுக்குப் பூசைக்குப் பவுலினும் ஜெனித்தும் மட்டும் போனார்கள். இரண்டாவது ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை காலை, செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் நிற்கும்போது தையல்நாயகி போன் செய்தாள்.

"தம்பி, பவுலினு மயங்கி உழுந்துட்டா. ஆம்புலன்ஸுல ஏத்திட்டோம், முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு. காமாலை முத்திப்போச்சாம்."

"யாருக்குக்கா காமாலை?"

"யாருக்கா? நல்லா கேட்ட போ. ஒம் பொண்டாட்டிக்குத்தான். ஜல்தியா வா."

அன்று அவன் எதிர்ப்பக்க ரயிலில் ஏறினான். பகலில் அந்த வழியாக வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்திருந்தது. பவுலின் கண்ணைத் திறந்து பார்த்தாள். வெள்ளை விழி முழுக்க மஞ்சள் பிசைந்த மாதிரி இருந்தது. நகக்கண்ணிலும் மஞ்சள். வயிறு உப்பியிருந்தது. அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

இளம் டாக்டர் ஒருத்தி எழுதிக்கொண்டே கேட்டாள்.

"கண்ணு எத்தனை நாளா இப்படி இருக்கு?"

அவன் யோசித்தான். காலையில் டிபன் பையை நீட்டும் கை ஞாபகம் வந்தது. ராத்திரி தட்டை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்காருவாள், அந்த உட்காரும் தினுசு ஞாபகம் வந்தது. நேற்று எதற்கோ கோபித்துக்கொண்ட குரல்கூடக் காதில் இருந்தது. கண் மட்டும் வரவில்லை. டியூப்லைட்டில் எல்லாமே ஒரே நிறமாகத்தான் இருந்திருக்கிறது.

"நீங்க அவங்க வீட்டுக்காரர்தானே?"

"ஆமாங்க."

"கூடத்தான இருக்கீங்க?"

"ஆமாங்க," என்றான் மறுபடியும்.

பின்னாலிருந்து ஜெனித் சொன்னாள். "பன்னெண்டு நாளு."

பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்தாள். ஒரு பக்கம்தான் சடை பின்னியிருந்தது. "தலை வாரும்போது பாத்தேன். அம்மா பக்கத்து ஊர்ல போயி கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சிச்சு. உப்பு போடாம தனியா சாப்புட்டுச்சு. அப்பாகிட்ட சொல்லாத, லீவு போட்டா வேலையில பேஜாராயிடும், ஞாயித்துக்கிழம ஓவர்டைம் முடியட்டும்னுச்சு."

டாக்டர் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டாள். ஈரல் பாதிக்குமேல் கெட்டுப்போயிருக்கிறது, இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றாள். கடிந்து சொல்லவில்லை.

அன்று மாலை பவுலினுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. "டூட்டிக்குப் போவலியா?" என்று கேட்டாள்.

"ஏன்டி சொல்லல?"

"மூணாவது ஞாயிறு முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க ஒரு ஞாயித்துக்கிழம வூட்ல இருந்தா போதும், பாத்தாலே தெரிஞ்சிருக்கும், நான் சொல்லவே வேண்டியதில்ல." சொல்லிவிட்டு அவன் சட்டைக் காலரைத் தொட்டாள். "அழுக்கு. நாளைக்கு வேற போட்டுக்கினு வாங்க."

அதற்குமேல் அவள் கோர்வையாக எதுவும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்தபின் அவளுடைய அக்கா சூசை மேரி இரண்டு நாள் தங்கினாள். விழுப்புரம் பக்கம் காணையிலிருந்து வந்தவள். ஜெனித்தின் துணிகளைத் தனியாக மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

"பொண்ண நான் கூட்டிக்கினு போறேன். அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துக்கலாம். நீ காலையில போயி ராத்திரி வர்றவன். வயசுக்கு வரப்போற புள்ள இந்தப் பொட்டல்ல தனியா கெடக்குமா?"

"நான் பாத்துக்கறேன் அக்கா."

"என்னாத்த பாப்ப? பாத்த லட்சணந்தான் தெரிஞ்சிடுச்சே."

சொன்ன பிறகு அவளே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.  ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

லீவு நாட்களில் அவன் வீட்டைப் பகலில் பார்த்தான். மத்தியானத்தில் வெயில் கூடத்தைத் தாண்டி அடுப்படி வரை வந்தது. அடுப்படிச் சுவர் லேசான ரோஸ் நிறம். அவன் வெள்ளை என்றே நினைத்திருந்தான். மூன்று மணிக்குத் தையல்நாயகி வேலியருகே வந்து "பவுலினு" என்று பாதி கூப்பிட்டு நிறுத்திக்கொண்டாள். அந்த நேரத்துக்குத் தினமும் வருவாளாம். இரண்டு பேரும் ஒரு படி மல்லாட்டையை உரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பார்களாம். எதைப் பற்றி என்று கேட்டான்.

"ஒன்னப் பத்தித்தான் தம்பி. வேற என்ன இருக்குது பேச?"

மறைமலைநகரில் பழைய அறை காலியா என்று போன் போட்டுக் கேட்டான். வேறு ஆள் வந்துவிட்டார்கள். இன்னொரு அறை இருக்கிறது, இரண்டு பங்கு வாடகை என்றார் வீட்டுக்காரர். இந்த வீட்டை வாடகைக்கு விடலாமென்றால் இந்தப் பொட்டலுக்கு யார் வருவார்கள்? திண்டிவனத்தில் ஒரு ரைஸ்மில்லில் ஆள் கேட்டார்கள். பாதிச் சம்பளம். எதை எதோடு வைத்துப் பார்த்தாலும் ஒரு பக்கம் ஜெனித் இருந்தாள். முன்பு அந்தப் பக்கத்தில் பவுலினும் இருந்தாள். அப்போது அவன் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமையோடு லீவு முடிந்தது. சனிக்கிழமை விடிவதற்கு முன் எழுந்து தானே சோறு வடித்தான். டிபன் பையை மாட்டி வண்டியைக் கிளப்பினான். ஹெட்லைட் வெளிச்சம் மனைக் கற்கள்மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு வண்டியை அணைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

கிழக்கே வெளுக்க வெகு நேரமானது. ராஜ்குமார் இரண்டு முறை போன் செய்தான். அவன் எடுக்கவில்லை.

நன்றாக விடிந்ததும் ஜெனித்தை எழுப்பி வாசலுக்குக் கூட்டிவந்தான். முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தான். வெள்ளையாக இருந்தது. அடுத்த கண்ணையும் பார்த்தான்.

"எனக்கு ஒன்னும் இல்லப்பா," என்றாள்.

"இனிமே எதுனா ஒன்னுன்னா எங்கிட்ட சொல்லணும். யாரு சொல்லாதன்னாலும் சொல்லணும்."

 தூக்கம் கலையாத முகத்தோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பப்பா சொல்றது?" என்று கேட்டாள்.

வெயில் மல்லாட்டைக் கொல்லைமேல் ஏறியிருந்தது. ரயில் இந்நேரம் செங்கல்பட்டு போய்ச் சேர்ந்திருக்கும். அவன் வண்டியிலிருந்து டிபன் பையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனான்.