ஏலக் கூட்டாளி

யுத்தம் முடிந்த மறு வருஷம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. எர்ணாவூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ராயபுரத்துக் கடலோரக் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் தன் அண்ணன் தம்பிகளோடு கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். எங்கள் குப்பத்தில் மருமகள் என்றால் அடுப்படியோடு வேலை முடியாது. மஞ்சள் கயிற்றின் ஈரம் காய்வதற்குள் மீன் கூடை தலைக்கு ஏறிவிடும்.

உச்சிவெயிலில் கடல்காற்று எழும்பும்போது கட்டுமரங்கள் கரை சேரும். மீனை மணலில் கும்பல் கும்பலாகக் கொட்டி ஏலம் விடுவார்கள். ஒரு கும்பலைத் தனியாக எடுக்க எந்தப் பெண்ணாலும் முடியாது. எடுத்தாலும் கெடுவதற்குள் விற்றுத் தீர்க்க முடியாது. அதனால் பெண்கள் இரண்டு பேர், மூன்று பேராகக் கூட்டு சேர்ந்து ஏலம் எடுத்துப் பங்கு பிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு தெருவாகப் போவார்கள். கூட்டு இல்லாதவள் கரையில் வெறுங்கூடையோடு நிற்க வேண்டியதுதான். நான் அப்படித்தான் நின்றேன்.

வெளியூரிலிருந்து வந்த புதுப்பெண்ணை யார் சேர்த்துக்கொள்வார்கள்? கூட்டாளியைத் தேர்ந்தெடுப்பதில் அந்தப் பெண்கள், மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கறாராக இருந்தார்கள். புருஷன் குடிக்கிறவனா, இவள் வாயாடியா, நல்ல மீனைக் கூடைக்கு அடியில் ஒளிக்கிறவளா, மழையில் வீட்டில் படுத்துக்கொள்கிறவளா, எல்லாம் விசாரிப்பார்கள். ஒன்று மட்டும் எனக்கு அப்போது விளங்கவில்லை. சொந்தக்காரியோடு யாரும் கூட்டு சேரவில்லை. அக்காள் தங்கைகள்கூட வேறு வேறு ஆளோடுதான் நின்றார்கள். சொந்தக்காரியை நியாயம் கேட்க முடியாது. கேட்டால் நாளைக்கு ஒரு கல்யாணம், காதுகுத்து என்றால் முகம் கொடுக்க முடியாது. இதையெல்லாம் எனக்குப் பிறகு சொன்னவள் அக்காதான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவள். குப்பத்தின் தெற்குப் பக்கம் அவள் வீடு. கனத்த உடம்பு, கரகரத்த குரல். அவள் ஏலம் கேட்டால் அலைச்சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். அவளுடைய பழைய கூட்டாளி பிள்ளைகளோடு காசிமேட்டுப் பக்கம் குடிபோய்விட்டாள். ஒருநாள் நான் வெறுங்கூடையோடு நிற்பதைப் பார்த்து அருகில் வந்தாள். ஊர், பேர், உறவு எதையும் கேட்கவில்லை.

"உனுக்குக் கோவம் வந்தா இன்னா பண்ணுவ?" என்றாள்.

நான் திகைத்துப்போய், "பேசமாட்டேன்" என்றேன்.

"எத்தினி நாளு?"

"நாளெல்லாம் இல்ல. சாயந்தரம் வரைக்கும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "அப்ப சர்தான். வா, சங்கரா மீனு வந்துகினு கீது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான், எங்கள் கூட்டு.

அவள் ஏலம் கேட்பாள். நான் செவுளைத் திறந்து பார்த்து, எடுக்கலாமா வேண்டாமா என்று கண்ணால் சொல்வேன். பங்கு பிரிப்பதில் அவளுக்கு ஒரு முறை இருந்தது. ஒருத்தி கூறு போட வேண்டும். மற்றவள்தான் முதலில் எடுக்க வேண்டும். இன்றைக்கு நான் போட்டால் நாளைக்கு அவள். தனக்கு எது வரும் என்று தெரியாதவள் ஓரவஞ்சனையாகக் கூறு போட மாட்டாள். எனக்கு ரயில்வே குடியிருப்பு, அவளுக்கு வண்ணாரப்பேட்டை. ஒருத்தி தெருவில் மற்றவள் கால் வைத்ததில்லை.

என் மகன் பிறந்தபோது அக்காவே இரண்டு கூடையையும் சுமந்தாள். முதலில் தன் தெரு, பிறகு என் தெரு. "வாடிக்கைய வேற எவளும் பிச்சிக்கினு போயிடக் கூடாது பாரு" என்பாள். பால் சுரக்க வேண்டுமென்று பால்சுறா வாங்கிப் பூண்டு தட்டிப் போட்டுக் குழம்பு வைத்து, தானே சட்டியோடு கொண்டுவந்தாள். அவளுக்குக் குழந்தை இல்லை. என் மகனை மடியில் போட்டுக்கொண்டு, "இவன் இன்னாடி, மத்தி மாதிரி வழுக்குறான்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கூடத்துச் சுவரே அதிரும். என் மாமியாருக்குப் பிடிக்காது.

பெண்களைப் போலத்தான் ஆண்களும். எங்கள் வீட்டு மரமும் அக்கா புருஷனின் மரமும் ஜோடி. பெரிய மடிவலையை இரண்டு மரங்கள் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு மரம் முந்தினாலும் பிந்தினாலும் வலை வாயை மூடிக்கொள்ளும். அவர்கள் இரண்டு மரமும் ஒரே மூச்சில் போகும் என்று குப்பமே பேசும்.

ஒரு ஐப்பசியில் நடுக்கடலில் திடீரென்று வாடைக்காற்று சீறியது. வலை நிறைய மீன். அலை தூக்கியடித்ததில் மரங்கள் இரண்டும் ஒன்றோடொன்று மோதும் நிலை. அக்கா புருஷன் தன் பக்கத்துக் கயிற்றை அறுத்துவிட்டார். வலை போயிற்று, மீன் போயிற்று, ஆட்கள் எல்லோரும் உயிரோடு வந்தார்கள். உயிரைக் காப்பாற்ற அறுத்தேன் என்றார் அவர். பயந்துபோய் அறுத்தான் என்றார்கள் என் வீட்டுக்காரரும் அண்ணன் தம்பிகளும். கரையிலேயே கைகலப்பு. துடுப்பை எடுத்து அடித்துக்கொண்டதில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. குப்பம் வடக்குக் கட்சி, தெற்குக் கட்சி என்று இரண்டாகப் பிளந்தது. பெரியவர்கள் கோயில் வாசலில் உட்கார்ந்து, இரு பக்கத்துக்கும் பேச்சு வார்த்தை, கொடுக்கல் வாங்கல், நல்லது கெட்டது எதுவும் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். பெண்களிடம் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் கரையில் நானும் அக்காவும் எதிரெதிரே நின்றோம். நல்ல சங்கராக் கும்பல் ஒன்று ஏலத்துக்கு வந்தது. ஏலக்காரர் வழக்கம்போல அக்கா முகத்தைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. வெளியிலிருந்து வந்த வியாபாரி ஒருவன் அடிமாட்டு விலைக்கு அதை அள்ளிக்கொண்டு போனான். அக்கா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். மணலில் அவள் கால் புதைந்து புதைந்து எழுந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

என் மாமியார் எனக்குப் புதுக் கூட்டாளி தேர்ந்தெடுத்தார். வேறு யார், என் நாத்தனார்தான். நம் கட்சி, நம் ரத்தம், அது போதும் என்றார். நாத்தனார் தானே கூறு போடுவாள், தானே முதலில் எடுப்பாள். நான் வாயைத் திறந்தால் ராத்திரி சோற்றுக்கு முன்னால் அது வழக்காகிவிடும். கூட்டாளி என்று பெயர். எஜமானி என்பதே சரி. அக்காவும் தெற்குப் பக்கத்துப் பெண் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டாள். அவர்கள் இருவரும் மீனுக்கு முன்னால் குனிந்து நிற்பதைப் பார்க்கும்போது என் வயிறு எரியும். கட்டினவன் வேறொருத்தியோடு போவதைப் பார்க்கிறவளுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரே ஒருமுறை அவளோடு பேசக் கிடைத்தது. மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் ராயபுரம் ஸ்டேஷனில் ஒதுங்கினேன். கொஞ்ச நேரத்தில் நனைந்த கூடையோடு அவளும் வந்தாள். என்னைப் பார்த்ததும் தயங்கி, தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். தண்டவாளத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"கொயந்த நடக்கறானா?"

"நடக்கறான்க்கா."

"என்னைப் பாக்காத. அந்தாண்ட பாரு. நம்ம ஆளுங்க யார்னா வருவாங்க."

"வந்தா வரட்டும். பேசுனா இன்னாக்கா ஆவும்?"

"எனுக்கு ஒண்ணும் ஆவாது. புள்ளையா குட்டியா. தெரிஞ்சா உன் வூட்டுக்காரரு மரத்துக்கு ஆளு வராம பெரியவங்க பண்ணிடுவாங்க. அவருக்கு அதான் சோறு."

நான் அழுதுவிட்டேன். "கண்ணத் தொடச்சிக்க" என்றாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பொரிகடலையை எடுத்து, எங்களுக்கு நடுவில் தரையில் வைத்தாள். "புள்ளைக்குக் குடு. யாரு குடுத்தான்னு சொல்லாத." ரயில் வந்தது. அவள் கூட்டத்தோடு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த கோடையில் சில நாட்களாகக் கரையில் அவள் குரல் கேட்கவில்லை. மஞ்சள்காமாலை, முற்றிவிட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ஏலக்காரர் யாரிடமோ சொல்வதைக் கேட்டேன். அன்றைக்கு மீனே எடுக்கவில்லை. நாத்தனாரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, நாற்றம் போகக் கை கால் கழுவி, இரண்டு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு நடந்தே போனேன்.

அவளை அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெரிய உடம்பு கட்டிலில் ஒரு பக்கமாக ஒடுங்கிக் கிடந்தது. வயிறு மட்டும் உப்பியிருந்தது. கண் மஞ்சளாய், எங்கோ பார்த்தது. அவள் பக்கத்து ஆட்கள் யாரும் அந்த நேரத்தில் இல்லை. நான் கையைப் பிடித்ததும் திரும்பினாள்.

"யார்னா பாத்தாங்களா?"

"பாத்தா பாக்கட்டும்க்கா."

"உன் நாத்தனாரு சரியா பங்கு குடுக்கறாளா?"

நான் அவள் தலையணையைச் சரிசெய்தேன்.

"தெரியும். கூறு போடற எடத்துல உன் மூஞ்சியப் பாத்துகினுதான் இருந்தேன்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவள வுட்டுடு. கெணத்தாண்ட வூட்ல ஒரு பொண்ணு கீது பாரு, திக்கித் திக்கிப் பேசுமே. ரெண்டு பக்கத்துக்கும் வேண்டாத வூடு அது. அவளச் சேத்துக்க. கை சுத்தம். மய வந்தாலும் வருவா."

"அவளுக்குப் பேச்சே வராதேக்கா. யாரு ஏலம் கேக்கறது?"

"நீ கேளு."

"எனுக்கு வராது. நீதானே கேப்ப."

"வராம இன்னா? தொண்ட கீதில்ல? மொதல்ல கொறச்சுக் கேளு. அப்பறம் அவங்க மூஞ்சியப் பாக்காத, மீனப் பாத்துகினு கேளு." கண்ணை மூடிக்கொண்டாள். நான் சாத்துக்குடியை உரித்துச் சுளையைப் பிழிந்து உதட்டில் விட்டேன். பாதி கன்னத்தில் வழிந்தது. வெளியே போகச் சொல்லி மணி அடித்தார்கள். "போ. வெயிலு தாழ்றதுக்குள்ள வூட்டுக்குப் போ" என்றாள்.

அந்த வாரமே போய்விட்டாள்.

வடக்குப் பக்கத்தில் யாரும் சாவுக்குப் போகவில்லை. பறைச்சத்தம் கேட்டதும் மாமியார் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் மகனை அவர் மடியில் வைத்துவிட்டு அவரைத் தாண்டிப் போனேன். பின்னால் அவர் கத்தியது கேட்டது. தெற்குப் பக்கத்துப் பெண்கள் என்னைப் பார்த்ததும் ஒப்பாரியை நிறுத்திவிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. வழி மட்டும் விட்டார்கள்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. பெரியவர் ஒருவர் உறவு சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். கூடப் பிறந்தவர்கள், நாத்தனார் முறை, ஓரகத்தி முறை, அண்ணன் பெண்டாட்டி என்று ஒவ்வொருவராகப் போய் அரிசி போட்டார்கள். மழையும் வெயிலுமாக வருஷக்கணக்கில் அவளோடு ஒரே கும்பலைக் குனிந்து பிரித்தவள் நான். கூட்டாளி என்று ஒரு முறை இல்லை. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் போகவும் கூடாது. அரிசித் தட்டு ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறி, என்னைத் தாண்டிப் போயிற்று. அவள் முகத்தை அங்கிருந்தே பார்த்துக்கொண்டு நின்றேன். பெண்கள் தெருமுனை வரைதான். அங்கிருந்து மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் அன்றைக்கு எனக்கு அடி விழும் என்று எதிர்பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. "குளிச்சிட்டு வா" என்றார். பெரியவர்கள் கூப்பிட்டு என்னைப் பற்றிக் கேட்டதற்கு, தன் பெண்டாட்டி தப்பு செய்ததாகத் தனக்குத் தெரியவில்லை என்று சொன்னாராம். அதை எனக்குச் சொன்னது வேறு ஆட்கள்.

நாத்தனாரை விட்டேன். கிணற்றடி வீட்டுப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டேன். முதல்நாள் ஏலத்தில் என் குரல் எழும்பவில்லை. காற்றுதான் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மீனையே பார்த்துக்கொண்டு மறுபடி கேட்டேன்.

அடுத்த வருஷம் மீன்பாடு காலம் தொடங்கும் முன்பு ஆண்களின் சண்டை தீர்ந்தது. இரண்டு கட்சியும் வேறு வேறு மரங்களோடு ஜோடி சேர்ந்து பார்த்துவிட்டது, யாருக்கும் ஒத்துவரவில்லை. வலை சரியாக வாய் திறக்கவில்லை. அவனை விட்டால் எனக்கு ஆள் இல்லை என்று இரண்டு பக்கத்தாரும் தெரிந்துகொண்டார்கள். பெரியவர்கள் வெற்றிலை பாக்கு வைத்துக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அன்று மதியம் அக்கா புருஷன் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். நான்தான் பரிமாறினேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவ இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பா" என்றார். நான் குழம்பு ஊற்றினேன். அவருக்குக் கண் கலங்கியது. என் வீட்டுக்காரர் அவர் தோளில் கை வைத்தார்.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் கை கழுவிக்கொண்டே, "இன்னாமே மூஞ்சி இப்டி கீது? அதான் எல்லாம் சரியாப் பூட்ச்சே" என்றார்.

"ஆம்பளைங்க உங்களுக்கு சரியாப் பூட்ச்சு" என்றேன்.

 அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வலையைப் பார்க்கப் போனார். மறுநாள் இரண்டு மரங்களும் சேர்ந்து கடலுக்குப் போயின. அன்றைக்கு நல்ல மீன்பாடு.