நடந்ததை டபாய்ங்க

போன புதன்கிழமை மைசூர் மைன்ஸ் முனையில் ஒரு போலீஸ்காரர் என் சைக்கிளை நிறுத்தினார். குற்றம் – டபுள்ஸ். கேரியரில் இருந்தவன் என் மச்சான் சேகர். விசில் கேட்டதும் குதித்துப் போய், யாரோ எவரோ மாதிரி ரேஷன் கடை கியூவில் நின்றுகொண்டான்.

போலீஸ்காரர் புதுசு. தொப்பியில் பெட்டி வாசனைகூட இன்னும் போகவில்லை. நோட்டைத் திறந்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"பயப்படாதீங்க. நடந்ததை டபாய்ங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'ஏமாத்துங்க' என்று போலீஸே கேட்டுக்கொள்கிற ஊர் உலகத்தில் வேறெங்காவது உண்டா? நம் தங்கவயலில் உண்டு. அதற்குக் காரணம்... சொல்லவே கூச்சமாக இருக்கிறது... நான்தான்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை. நம் ஸ்டேஷனில் பசவராஜு என்று ஒரு கான்ஸ்டபிள். ஊர் தார்வாட் பக்கம். தமிழ் சுத்தமாகத் தெரியாது. ஒருநாள் சாட்சி ஒருத்தரைத் தேடி, சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கிற எங்கள் ஸ்கெலட்டன் லைனுக்கு வந்தார். "கீழ போயிகீறாரு சார்" என்றார் அந்த வீட்டம்மா. கீழே என்றால் நமக்கு என்ன? கேஜில் சுரங்கத்துக்குள் இறங்கி ஷிஃப்ட்டுக்குப் போயிருக்கிறார். பசவராஜு என்ன செய்தார்? குனிந்து, கட்டிலுக்குக் கீழே லத்தியை விட்டுத் தேடினார். ஒரு கோழி வந்தது.

இப்படி நாலு கோழி வந்த பிறகு மேலிடத்தில் யோசித்தார்கள் போலிருக்கிறது. பெங்களூரில் ஒரு யூனிவர்சிட்டியோடு பேசி, போலீஸ்காரர்களுக்குத் தமிழ் வகுப்பு வைத்தார்கள். ஸ்கூல் ஹாலில், சாயங்காலம், மூணு மாசம். கடைசியில் பரீட்சை. பாஸானால் இங்கேயே இருக்கலாம். பெயிலானால் ரிசர்வ் படை – ஊர் ஊராக லாரியில் சுற்ற வேண்டியதுதான். பசவராஜுவின் மனைவி அப்போது மாசமாக இருந்தார்.

பாடம் நடத்த வந்த லெக்சரரம்மா தங்கமானவர். ஆனால் அவருடையது இஸ்திரி போட்ட தமிழ். "தங்கள் இல்லம் எங்குள்ளது?" இதை மனப்பாடம் செய்து பசவராஜு எங்கள் லைனில் கேட்டபோது, தெருக்கூத்து ராஜா வந்துவிட்டார் என்று பசங்கள் பின்னாலேயே ஓடினார்கள்.

இது சரிப்படாது என்று அந்த அம்மாவுக்கே தெரிந்துவிட்டது. புகார் கொடுக்க வருகிறவன் மாதிரி நடிக்க ஊர்க்காரன் ஒருத்தன் வேண்டும் என்றார். வேலை இல்லாமல் வாய் மட்டும் உள்ளவன் யார் என்று விசாரித்திருப்பார்கள். நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். எட்டாங்கிளாஸில் இரண்டு தடவை பெயிலானவனை யூனிவர்சிட்டியே தேடி வந்தால் தலை நிற்குமா?

ஒருநாள் டீ வேளையில் பசவராஜு கேட்டார். 'சொல்லுங்க' என்பதற்கு இதைவிட மரியாதையான வார்த்தை இந்தப் பக்கம் உண்டா?

"கீது சார். டபாய்ங்கன்னு சொல்லுங்க. பெரியவங்ககிட்டலாம் அப்டிதான்" என்றேன் பாவி நான்.

கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டார். அடிக்கோடு வேறு. அடுத்த நாள் திருத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். மறந்துவிட்டது. சரி, மறக்கவில்லை... சேகரிடம் சொல்லிச் சிரிக்கவே நேரம் போதவில்லை.

பரீட்சை நாள் வந்தது. ஹால் வாசலில் பசவராஜு வியர்த்துப் போய் நின்றார். காலையில்தான் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

சைக்கிளைத் தொலைத்தவனாக நான் நாற்காலியில். எதிரே பசவராஜு. பக்கத்தில் லெக்சரரம்மாவும் கோலாரிலிருந்து வந்த ஆபீசரும்.

"பயப்படாதீங்க. நடந்ததை டபாய்ங்க" என்றார் பசவராஜு.

ஆபீசர் பேனாவை மூடினார். லெக்சரரம்மா கண்ணாடியைக் கழற்றினார். அப்படி ஒரு வார்த்தையைத் தான் படித்ததே இல்லையே என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "அது எங்க லைன் பேச்சும்மா. சொல்லுங்கன்றத மரியாதையா டபாய்ங்கன்னுவோம். வடாற்காட்டுலர்ந்து எங்க தாத்தாங்க எடுத்தாந்தது."

அந்த அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. புது வார்த்தை கிடைத்தால் படித்தவர்களுக்கு வெல்லக்கட்டி கிடைத்த மாதிரி. எழுதிக்கொண்டார். பசவராஜு பாஸ். அன்றைக்கே பெண் குழந்தை. எனக்குத் தார்வாட் பேடாகூடக் கிடைத்தது.

அத்தோடு விட்டதா? யூனிவர்சிட்டி அதைப் புத்தகத்தில் அச்சடித்து, புதுசாக வருகிற போலீஸ்காரர் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிட்டது.

ஆக, புதன்கிழமை. கேட்டுவிட்டாரே என்று நானும் டபாய்த்தேன். மச்சானுக்குக் கால் சுளுக்கு, ஓர் அடிகூட வைக்க முடியாது, ஆஸ்பத்திரிக்கு அவசரமாக... புதுசு இரக்கத்தோடு எழுதிக்கொண்டே போனார்.

முனை டீக்கடையிலிருந்து கையில் கிளாஸோடு பசவராஜு வந்தார். இப்போது ஹெட் கான்ஸ்டபிள். கடைசிவரை கேட்டார். ரேஷன் கியூவில் இரண்டு காலையும் ஊன்றி நிற்கிற சேகரைப் பார்த்தார்.

"எழுதாதப்பா. இவன் டபாய்க்கிறான்."

"ஆமா சார், நல்லாவே டபாய்க்கிறாரு. ரெண்டு பக்கம் வந்துடுச்சு" என்றார் புதுசு.

பசவராஜு சிரிக்கவில்லை. குனிந்து இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கினார். என் காதோரம் மட்டும் பேசினார்.

"அர்த்தம் எனக்குப் பரீட்சைக்கு மறுநாளே தெரியும், தம்பி."

"அப்றம் ஏன் சார் புக்குல திருத்தல?"

"திருத்தினா நான் பெயிலாயிடுவேனே."

நானும் சேகரும் ஸ்கெலட்டன் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனோம். யூனிவர்சிட்டி அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது. மிச்சத்தை யார் கற்றுக்கொடுத்தது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்... டபாய்த்துவிடுவேன்.