அம்மா தைத்து வைத்த வெள்ளைத் துணி

எங்கள் வீட்டில் பைபிளை விட்டால் இருந்த ஒரே புத்தகம் ஒரு ஜெர்மன் ராஜகுமாரியின் கதை. என்றைக்கோ செத்துப்போன வெள்ளைக்காரச்சிக்குப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் சபைக் கோயிலுக்கு வந்துபோன ஜெர்மன் பாதிரி ஐயர் ஒருவர் அப்பாவுக்குக் கொடுத்தது. தமிழில்தான் அச்சாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட்டதும் அப்பா அதை உரக்கப் படிப்பார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள்.

அம்மா அவளை ராசாத்தி என்பாள். ராசாத்திக்குப் பதினாலு வயதில் கல்யாணம். புருஷன் வேட்டைக்குப் போனால் மாதக்கணக்கில் ஆளைக் காணோம். ஆனாலும் வருஷா வருஷம் பிள்ளை. பாதிக்கு மேல் தங்கவில்லை. வயிற்றில் பிள்ளை உண்டாகும் ஒவ்வொரு தடவையும் தன் சாவுத்துணியைத் தானே தைத்துப் பெட்டியில் வைப்பாளாம், தன் அடக்கத்தில் எந்த வசனத்தைப் பிரசங்கிக்க வேண்டும் என்றும் சொல்லிவைப்பாளாம். அந்த ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்களுக்கு அது வழக்கமாம்.

கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. என்ன பிடித்ததோ, கருமம்! தம்பி வயிற்றில் இருந்தபோது பாசார் துணிக்கடையில் வெள்ளை மல் துணி வாங்கி, தன் அளவுக்கு ஒரு அங்கி தைத்து, டிரங்குப் பெட்டியில் வைத்தாள். பிழைத்து எழுந்ததும் துவைத்து மடித்து மறுபடி உள்ளே வைத்தாள். அடுத்த தடவை அதே துணியை எடுத்து வெயிலில் போட்டாள். அது கொடியில் தொங்கினால் போதும், அம்மாவுக்கு மறுபடியும் மாசம் என்று குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கத் தெரிந்துவிடும். "அந்தச் சனியனைத் தூக்கி எறி" என்று அப்பா கத்துவார். அம்மா காதில் வாங்கமாட்டாள்.

அக்காவைக் கிள்ளானில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை. அக்கா நல்ல உயரம், அம்மா அவள் தோளுக்குத்தான் வருவாள். அக்கா உண்டானதும் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? முன்னறையை ஒழித்து, கட்டிலை இழுத்துப்போட்டு, மருந்துச் சாமான்கூட வாங்கிவிட்டாள். அப்புறம் பார்த்தால் கொடியில் அந்தத் துணி தொங்குகிறது.

சம்பந்தியம்மாள் ரயிலேறி வந்தாள். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு பிள்ளத்தாச்சி ஆகாது. ஒண்ணு நின்னா ஒண்ணு போகும். மருமகளை நாங்களே பாத்துக்கிறோம்" என்றாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "பேரன் எடுக்கிற வயசுல இது ஒரு கூத்து" என்று எல்லோர் காதிலும் விழும்படி முணுமுணுத்தாள். ஞானஸ்நானம் எடுத்த பொம்பளை! மற்றதெல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார், இது மட்டும் அவரை நம்பி விடக் கூடாதாம்.

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் வேற எடத்துக்குப் போயிடறேன். கோயில் பின்கட்டுல ஒரு மூலை குடுத்தா அங்க பெத்துக்கிறேன். எம்புள்ளைய மட்டும் இந்த வீட்டுக்கு அனுப்புங்க." சம்பந்தியம்மாள் கையை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா படித்தது, ராசாத்தி பனியில் வண்டி கட்டிக்கொண்டு மூத்த மகளின் பிரசவத்துக்குப் போன கட்டம். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவளுக்கு வண்டி இருந்துச்சு, போயிட்டா. எனக்கு ரயிலே இருக்கு. என்ன பிரயோசனம்?"

அம்மாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது, சுகப்பிரசவம். அந்த வாரமே கிள்ளானிலிருந்து ஆள் வந்தது. அக்காவுக்குப் பிள்ளை குறுக்கே கிடந்ததாம். பிரசவம் பார்க்கிற பிடான் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாளாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்குவதற்குள் தாயும் போய், பிள்ளையும் போயிற்றாம்.

அம்மா எழுந்து நிற்கப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் பிடித்துப் படுக்கவைத்தார்கள். பச்சை உடம்பு, எங்கேயும் போகக் கூடாது என்றார்கள். அவள் என்னைக் கூப்பிட்டு டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள்.

"இதைக் கொண்டு போ. அவங்க வாங்கின துணி எம்புள்ள மேல படக் கூடாது."

நானும் அப்பாவும் ரயிலில் போனோம். துணி என் மடியில் இருந்தது. அப்பா வழியெல்லாம் ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அங்கே அந்த அங்கியை மாட்டினார்கள். அம்மாவின் அளவுக்குத் தைத்தது, அக்காவுக்குக் கெண்டைக்காலோடு நின்றுவிட்டது. யாரோ ஒரு துண்டைக் கொண்டுவந்து பாதத்தில் சுற்றினார்கள். பிள்ளையை அவள் கையிடுக்கில் வைத்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக அழுதது சம்பந்தியம்மாள்தான். அழுகைக்கு நடுவில், "நான் அப்பவே சொன்னேன்ல, ஒண்ணு நின்னா ஒண்ணு போகும்னு" என்றாள். எந்தக் கூரைக்குக் கீழடி சொன்னாய், பாவி? ரெண்டு கூரைக்கும் நடுவில் ஒரு ரயில் தூரம் இருந்ததே! எனக்கு அவள் முடியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பிள்ளை பாலுக்கு வீறிட்டுக்கொண்டிருந்தது.

"துணி பத்துச்சா?"

"பத்துச்சும்மா."

"பொய் சொல்லாதடி. அவ என்னைவிட உசரம்."

அம்மா அப்பா பக்கம் திரும்பினாள்.

"அந்த ராசாத்தி என்ன ஆனா? அவ தச்ச துணி யாருக்கு ஆச்சு?"

புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரை அப்பாவுக்கு மனப்பாடம்.

"வயசாகி, தன் கட்டில்லயே கண்ண மூடினா. அவ துணிதான் அவளுக்கு" என்றார்.

"குடுத்து வச்சவ" என்றாள் அம்மா.